குகனுக்கு, ரீவி பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா இப்போது ஊன்றுகோலோடு முற்றம் வரை நடக்கிறார் என்று வாசித்ததும் பெரிய ஆறுதலாக இருந்தது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு இது ஏழாம் மாதம். சுமதி இப்போதே பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். பின்னேரங்களில் மெரின் டிரைவ் வரை நடக்கிறோம். கடற்காற்று உடம்புக்கு நல்லது, வீட்டில் இருக்கும் மின்சாதனங்களுக்குத்தான் கூடாது. உப்புப் பட்டுப் பட்டு எல்லாம் அரித்துப்போகிறது.

சரி, ரீவி விஷயத்துக்கு வருகிறேன். ரீவி எழும்பவில்லை என்றும், பின்மூடியைக்கூடக் கழற்றாமல் "எல்லாம் போய்விட்டது, புதுசு வாங்குங்கள்" என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. திறந்து பார்க்காமல் அப்படிச் சொல்ல எவராலும் முடியாது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே வருடம் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு புது ரீவி வாங்குவது எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரருக்குச் சின்னக் காரியமா? எழும்பாத தட்டைத் திரை ரீவிகளில் பெரும்பாலானவற்றில் திரை நன்றாகத்தான் இருக்கும். பழுதாவது கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்ட், அல்லது திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்ஈடி பட்டிகள். இரண்டையும் மாற்றலாம்.

நீ முக்கியமான ஒன்றை எழுதவில்லை. பிளக்கைச் செருகி சுவிச்சைப் போட்டதும், கீழே இருக்கும் சிவப்பு லைற் எரிகிறதா? அதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது.

எரியவில்லை என்றால் முதலில் ரீவியைச் சந்தேகிக்காதே. அதே பொயின்ற்றில் போன் சார்ஜரைச் செருகிப் பார். நடுவில் எக்ஸ்ரென்ஷன் இருந்தால் அதை விட்டுவிட்டு நேரே சுவரில் செருகு. சதுரக் கால் 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள் ஒரு சின்ன பியூஸ் இருக்கும், அதை மாற்று. வயர் கழற்றக்கூடியது என்றால் அதே மாதிரியான ரேடியோ வயர் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். சில ரீவிகளில் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு மெயின் சுவிச் உண்டு, தூசி துடைக்கும்போது கை பட்டு அணைந்துவிடும். இவ்வளவும் சரியாக இருந்தும் லைற் இல்லை என்றால் பவர் போர்ட்டில்தான் கோளாறு என்று ஓரளவு நம்பலாம்.

லைற் எரிந்தும் எழும்பவில்லை என்றால் ரிமோட்டைப் பார். போனின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அமத்தினால், ரிமோட்டின் நுனியில் வெளிச்சம் மினுங்குவது திரையில் தெரியவேண்டும். பிறகு ரீவியிலேயே இருக்கும் பட்டனை அமத்து, அது அநேகமாக அடிப்பக்கத்தில் இருக்கும். யூஎஸ்பி, எச்டிஎம்ஐ என்று செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிடு. அதன் பின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, ரீவியின் பட்டனை அரை நிமிஷம் அமத்திப் பிடித்து, சில நிமிஷம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி செருகு. கரண்ட் விட்டு விட்டு வரும்போது உள்ளே இருக்கும் சிப் நடுவழியில் உறைந்து நின்றுவிடுவதுண்டு. மிச்ச மின்சாரம் முழுக்க வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டதே, அன்று கரண்ட் வந்த பிறகு எங்கள் பக்கத்து வீட்டு ரீவி இப்படித்தான் உயிர் பெற்றது.

இனிச் சொல்வதைக் கவனமாகச் செய்து பார், ஏனென்றால் கடைக்காரர்கள் இதில்தான் ஏமாற்றுவார்கள். அறையை இருட்டாக்கி ரீவியைப் போடு. சத்தம் கேட்கிறது, படம் இல்லை என்றால் ரோர்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடி. மங்கலாக உருவங்கள் அசைவது தெரிந்தால் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, வெளிச்சம்தான் போயிருக்கிறது. எல்ஈடிகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று எரிந்து துண்டித்தாலே அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். பட்டிகளை மாற்றுவதென்றால் ஒன்றை மட்டும் மாற்ற விடாதே, மற்றவையும் அதே வயதுதான். திரையைத் தூக்கி எடுக்கவேண்டிய வேலை இது. கைப்பழக்கம் உள்ள ஒருவரிடம் மட்டுமே கொடு.

'டிக் டிக்' என்று சத்தம் கேட்டு, லைற் மினுங்கி, எழும்ப முயன்று அணைகிறதா? அப்படியென்றால் பவர் போர்ட்டில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளைகளான கப்பாசிற்றர்களின் தலை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல். தலை தட்டையாக இருக்கவேண்டும். சூடுதான் அவற்றின் எதிரி, பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். யாழ்ப்பாணத்து வெக்கையில் சுவரோடு ஒட்டி மாட்டிய ரீவிக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். பல்லியையும் எறும்பையும்கூட மறக்காதே. சூட்டுக்காக உள்ளே போய்ப் படுத்து போர்ட்டைச் சோட் ஆக்கிவிடும். சில ரீவிகளில் சிவப்பு லைற் எத்தனை தரம் மினுங்குகிறது என்பதே கோளாறின் அடையாளம், எண்ணி எனக்கு எழுது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன் மச்சான், பின்மூடியை நீ கழற்றாதே. 230 வோல்ற் கரண்ட் உள்ளே 300க்கு மேல் ஏறி ஒரு பெரிய கப்பாசிற்றரில் தேங்கி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் அது அடிக்கும்.

திருத்துபவரிடம் எந்த போர்ட், எந்தப் பாகம் என்று கேள், மாற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொள். திரையே உடைந்திருந்தாலோ கோடு கோடாக விழுந்தாலோ காசு போடாதே, அப்போது புதுசு வாங்கலாம். அங்கே பாகம் கிடைக்கவில்லை என்றால் போர்ட்டில் அச்சடித்திருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. ரீவியின் மொடல் மட்டும் போதாது, ஒரே மொடலுக்குள் வேறு வேறு போர்ட் இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றியும் நான் தேடிப் பார்க்கிறேன்.

அம்மாவின் பகல்பொழுது முழுக்க அந்த ரீவியோடுதான் போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். திருத்தி வந்ததும் வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறைத்து வை, எல்ஈடி நீண்ட நாள் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் பிளக்கோடு அன்ரெனா வயரையும் கழற்று.

லைற் எரிகிறதா இல்லையா என்பதை மட்டும் உடனே அறியத் தா. மைத்துனர் அடுத்த கிழமை யாழ்தேவி ரயிலில் வருகிறார், பொயின்ற்றையும் பியூஸையும் சோதிக்க உனக்கு மல்ரிமீற்றர் ஒன்று கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சிவா