24-ஆல் வகுக்காதே, சாந்தி

நங்கநல்லூர்,
9 நவம்பர் 2025

அன்புள்ள சாந்தி,

உன் குரல்பதிவு வந்து பத்து நாளாகிறது. ஏழு நிமிடம் பேசியிருக்கிறாய், அதில் மூன்று நிமிடம் வாடகையை ஏற்றக் கேட்கும் உன் துபாய் வீட்டுக்காரரைத் திட்டியே போய்விட்டது. "பேசாம சென்னைக்கே வந்துடலாமான்னு பாக்கறோம். மாசம் எவ்வளவு இருந்தா தாராளமா இருக்கலாம்? ஒரே ஒரு நம்பர் சொல்லு, போதும்" என்று முடித்திருந்தாய். ஒரு நம்பரில் முடிகிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். போனில் சொல்லலாம் என்றால், நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ புகுந்துவிடுவாய். இன்லண்ட் லெட்டரில் மடிக்கிற ஓரம் வரை நுணுக்கி நுணுக்கி எழுதினவர்கள்தானே நாம், அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

வாடகை விஷயம்தான் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிகிற தேதிக்கு 90 நாள் முன்னால் எழுத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பார். சொல்லவில்லை என்றால் இந்த முறை அவர் ஏற்ற முடியாது. சொல்லியிருந்தாலும் வாய்க்கு வந்த தொகை கேட்க முடியாது. அந்த வட்டாரத்துச் சராசரியைவிட உன் வாடகை பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தால்தான் ஏற்றவே முடியும், அதுவும் எவ்வளவு போனாலும் 20 சதவீதம்தான் உச்சம். துபாய் ரியல் எஸ்டேட் அமைப்பான ரேராவின் வாடகைக் கணக்குப் பக்கத்தில் உன் கட்டடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் பேசு. கோபத்தில் பெட்டி கட்டாதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 2011-இல் நாங்கள் துபாயில் வந்து இறங்கியபோது ஒரு திர்ஹாம் 12 ரூபாய் சொச்சம். கராமாவில் முதல் வாரம் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக் கையில் எடுத்து, பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நின்றேன், ஞாபகம் இருக்கிறதா? நீதான் அதை எடுத்து என் கூடையில் போட்டு, "பெருக்கிக்கிட்டே இருந்தா பட்டினிதான் கிடக்கணும். திர்ஹாம்ல வாங்கறே, திர்ஹாம்ல செலவு பண்ணு" என்றாய். பதிமூன்று வருஷம் அந்த வார்த்தையை வைத்துத்தான் குடித்தனம் நடத்தினேன். இப்போது நீ செய்வது அதே தப்பின் மறுபக்கம். திர்ஹாம் இப்போது 24 ரூபாய் என்று, அங்கே உட்கார்ந்து சென்னை விலையையெல்லாம் 24-ஆல் வகுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் அதைத்தான் செய்தேன், அதில் நிறையவே போனது.

போன வருஷம் ஜூனில் சென்னைக்குத் திரும்பி வந்த முதல் வாரம், பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கம் காய் வாங்கப் போனேன். முருங்கைக்காய் ஒன்று 15 ரூபாய் என்றார் கடைக்கார அம்மா. மனசுக்குள் வகுத்தேன், முக்கால் திர்ஹாம்கூட வரவில்லை. "ஆறு குடுங்க" என்றேன். சேனை, கத்தரி, அவரை என்று கேட்டதெல்லாம் பையில் விழுந்தது. பையைக் கட்டிக்கொண்டே அந்த அம்மா, "வெளிநாடாம்மா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "விலை சொன்னதும் சிரிச்சீங்களே" என்றார். கொசுறு கேட்கக்கூடத் தெரியாமல் நின்றவளுக்கு அவரே ஒரு கொத்துக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு அனுப்பினார்.

அந்தச் சிரிப்பு ஆறு மாதம் நீடித்தது. சோபா, இரண்டு ஏசி, சனி ஞாயிறு ஓட்டல், மகளுக்கு மூன்று டியூஷன். எல்லாமே "இவ்வளவுதானா?" என்று தோன்றியது. செலவாகும் பணம் எது என்று மட்டும் யோசிக்கவில்லை. துபாய் வேலையை விட்டபோது இவருக்கு வந்த கிராஜுவிட்டி அது. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அப்புறம் 30 நாள் என்று பதிமூன்று வருஷத்துக்கு மொத்தம் 345 நாள் சம்பளம், அதுவும் அடிப்படைச் சம்பளம் மட்டும். கல்ஃபில் அடிப்படை என்பது கையில் வாங்குவதில் பாதிதான் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொகையில் கால்வாசியை ஆறு மாதத்தில் கரைத்துவிட்டேன். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு நோட்டு மட்டும் வாங்கி வந்து மேஜையில் வைத்தார். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை!

அந்த நோட்டுதான் இப்போது என் முன்னால் இருக்கிறது. அக்டோபர் மாதம் மொத்தம் 94,600 ரூபாய். நாங்கள் மூன்று பேர், மாமியாரோடு நாலு. வாடகை 28 ஆயிரம், மெயின்டனன்ஸ் மூன்றரை. மளிகை, காய், பால் எல்லாம் சேர்ந்து 17 ஆயிரம். பள்ளிக்கும் டியூஷனுக்கும் 15 ஆயிரம். (டியூஷன் இப்போது ஒன்றுதான்.) இதை 24-ஆல் வகுத்தால் நாலாயிரம் திர்ஹாமுக்குக் கீழே வரும், உடனே உன் முகம் மலரும். ஆனால் இவர் இங்கே சம்பாதிப்பது ரூபாயில். கையில் வருவது 1,12,000. அங்கே பதினாலாயிரம் திர்ஹாமில் வாடகை, கரண்டுக்கும் தண்ணீருக்கும் தேவா பில், அதோடு வந்து ஒட்டிக்கொள்ளும், வாடகையில் ஐந்து சதவீத ஹவுசிங் ஃபீ, பள்ளி, சாலிக் என்கிற சாலைச் சுங்கம், ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் இரண்டாயிரம் நின்றால் பெரிய விஷயம். ஆக, சம்பளத்தில் மிச்சமாகும் பங்கு அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த மிச்சத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் அது அரை லட்சம், இங்கே மிச்சம் பதினேழாயிரம். வித்தியாசம் அவ்வளவுதான், அதைச் சின்னது என்றும் சொல்ல மாட்டேன்.

இங்கே எல்லாம் மலிவு என்று நினைத்துக்கொண்டு வராதே. பெட்ரோல் சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், உனக்கு அங்கே இரண்டரை திர்ஹாம் அளவில் கிடைக்கிறது. போன், லேப்டாப், ஆப்பிள், பிஸ்தா எதுவும் இங்கே மலிவில்லை. மனிதர் கையால் செய்து தருவதுதான் மலிவு. ரவிக்கை தைப்பது, முனையில் நிற்கும் இஸ்திரி வண்டி, பிளம்பர், வீட்டு வேலை எல்லாம் அதில்தான் சேரும். நம் வீட்டுக்கு வரும் லட்சுமி அக்கா பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்து மாதம் 4,500 வாங்குகிறார். கராமாவில் மணிக்கு 35 திர்ஹாம் கொடுத்து வாரம் ஒரு நாள் ஆள் வைக்கவே எவ்வளவு யோசித்தேன்! முதல் மாதம் லட்சுமி அக்கா சொன்ன சம்பளத்தைக் கேட்டும் நான் அதேபோல சிரித்திருப்பேனோ என்று பிற்பாடு உறுத்தியது. மேடவாக்கம் பக்கத்திலிருந்து வருகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா, "அந்த பஸ் இல்லன்னா உங்க வீட்டு வேலையே எடுத்திருக்க மாட்டேன்மா, பாதி பஸ்ஸுக்கே போயிடும்" என்றார் ஒருநாள். எனக்கு மலிவாகக் கிடைப்பதில் எவ்வளவு அரசாங்கம் கொடுத்தது, எவ்வளவு அவர் விட்டுக்கொடுத்தது என்று எந்த நோட்டில் எழுதுவது? தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தேன், ஜனவரியிலிருந்து 500 ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன். பெரிய தர்மம் ஒன்றும் இல்லை, நீ கேட்டால் சிரிப்பாய்.

கரண்ட் விஷயத்தில் மாமியார்தான் எங்கள் வீட்டு அதிகாரி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை கூடாது, 101-லிருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கும் விலை இரட்டிப்பாகிவிடும். இதை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். ரீடிங் எடுக்கிற வாரம் வந்தால் கையில் டார்ச்சோடு மாடிப்படிக்கு அடியில் குனிந்து மீட்டர் பார்க்கிறார். 480 என்றால் அன்றைக்கு ஏசி கிடையாது, விசிறி மட்டை வெளியே வரும். வயசு 74!

வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கேட்பார்கள். 2017-இல் போட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்வது மூன்று மாத வாடகைதான். எங்களிடம் பத்து மாதம் கேட்டார்கள். நான் சட்டம் பேச, அவர் "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று சொல்ல, ஐந்தில் முடிந்தது. ஆனால் அங்கே போல வாடகைக்கு நாலு செக்கை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் கணக்கில் பணம் இருக்கிறதா என்று ராத்திரி எழுந்து பார்க்கும் கஷ்டம் இங்கே இல்லை. மாதம் பிறந்தால் ஜிபே, முடிந்தது.

நீ கட்டாயம் கேட்க வேண்டியது மருத்துவக் காப்பீடு. அங்கே அதைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது, அதனால் நமக்கு அது ஒரு செலவாகவே தெரிவதில்லை. வந்து இறங்கிய அன்று அது போய்விடும். இங்கே புதுசாக எடுத்தால், ஏற்கனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கெல்லாம் மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். இவருக்குச் சுகர் இருப்பது உனக்குத் தெரியும். வந்தபிறகு எடுத்தோம், 2027 வரை சாமியை நம்பித்தான் ஓட்ட வேண்டும். நீ அங்கே இருக்கும்போதே இங்கே ஒரு பாலிசி எடுத்துப் போட்டுவிடு, அந்தக் காத்திருப்புக் காலம் அங்கேயே ஓடட்டும். இந்த செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்ஆர்இ கணக்கையும் வந்த உடனே பேங்கில் சொல்லி மாற்று. நாங்கள் எட்டு மாதம் அசட்டையாக விட்டுவிட்டு ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் அந்த வட்டிக்கு வரிவிலக்கு கிடையாது.

அப்புறம், எந்தக் கணக்கிலும் வராத ஒன்று இருக்கிறது. அங்கே இருந்தபோது ஊருக்கு வருவதே ஒரு செலவு. ஸ்கூல் லீவில் மூன்று டிக்கெட், பெட்டி நிறைய டாங், நிடோ, பாதாம், ஆளுக்கொரு கோடாலித் தைலம். வருஷத்துக்கு ஒரு தடவை, அதோடு சரி. இங்கே அது மாதாமாதம் வருகிறது, பெயர்தான் மொய். மாமியாரிடம் ஒரு பழைய நோட்டு உண்டு, எங்கள் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று 2004-இலிருந்து வைத்திருக்கிறார். 101 எழுதினவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் என்ன எழுதுவது என்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கூட்டம் நடக்கும். மற்றவர்கள் 501 வைத்தால் போதும், "துபாய்க்காரங்க" 2001-க்குக் குறைந்தால் மண்டபத்திலேயே பேசுவார்கள். ஐப்பசியில் மட்டும் மூன்று கல்யாணம், ஒரு வளைகாப்பு. ஏழாயிரத்துச் சொச்சம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரியில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி மாறி மாறி உட்கார்ந்தவர்கள் அந்த நோட்டில் இருக்கிறவர்கள்தான். நான் அங்கே இருந்தபோது என் அப்பாவுக்கு அப்படி உட்கார எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. உனக்குத் தெரியும், நீதான் அன்றைக்கு என்னோடு இருந்தாய்.

ஆகவே நம்பர் வேண்டும் என்றால், உங்கள் இரண்டு பையன்களோடு 1,10,000 என்று வைத்துக்கொள். அது ரூபாயில் சம்பாதிக்கிற 1,10,000 ஆக இருக்க வேண்டும். திர்ஹாம் சேமிப்பை எடுத்துச் சாப்பிடலாம் என்ற நினைப்பில் வராதே. உன்னவருக்கு இங்கே வேலை உறுதியான பிறகு டிக்கெட் போடு. அதுவரை, 90 நாள் நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டினாலும் நஷ்டமில்லை.

மற்றபடி, மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பழவந்தாங்கல் சப்வேயில் தண்ணீர் நின்றால் சுற்றித்தான் போக வேண்டும், மற்ற நாளில் இவர் மெட்ரோவில் ஏறித் தேனாம்பேட்டையில் இறங்கிவிடுகிறார். மகள் பதினொன்றாவது, துபாய் நண்பர்களோடு ராத்திரி பதினொரு மணி வரை பேச்சு. அவளுக்கு நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான் என்பது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. நீ ஜனவரியில் வருவதாக இருந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும். பிஸ்தா மட்டும் ஒரு கிலோ வாங்கி வா. விலை எவ்வளவு என்று சொல்லாதே, நான் பெருக்கிவிடுவேன்.

மோட்டார் போட்டு அரை மணியாகிவிட்டது. மொட்டை மாடியில் டேங்க் வழிகிற சத்தம் கேட்கிறது, கீழ்வீட்டு மாமி கத்துவதற்குள் ஓட வேண்டும்.

அன்புடன்,
கலா