அடுப்படியிலிருந்து வந்த கம்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குங்ஃபூ கட்டுரையை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ இதெல்லாம் நம்ம ஊர்க்காரர் சொல்லிக் கொடுத்ததா மாஸ்டர்?” என்று ஒரு பையன் துள்ளினான். சீனாவின் ஷாவொலின் என்ற பௌத்த மடத்துத் துறவிகளுக்குச் சண்டை கற்றுத் தந்தவர் போதிதர்மர் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறதே! “இல்லைப்பா” என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

621இல் அந்த மடத்துத் துறவிகள் பதின்மூன்று பேர் பின்னால் டாங் வம்சப் பேரரசரான லி ஷிமின் பக்கம் நின்று போரில் உதவினார்கள். அதைச் சொல்லும் 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அந்தச் சண்டையோடு போதிதர்மரைச் சேர்க்கவே இல்லை. பல நூற்றாண்டு கழித்து, மிங் வம்சத்தார் சீனாவை ஆண்ட காலத்தில் ஷாவொலினுக்குப் பேர் வாங்கித் தந்தது வெறுங்கை அல்ல, கம்பு. அந்தக் கம்புக்கு மூலவராகத் துறவிகள் வணங்கியது ஜின்னலோவை. நம் புராணங்களில் தேவலோகப் பாடகராக வரும் கின்னரர்தான் சீன வாயில் அப்படி ஆனார். மடத்துச் சமையற்கட்டில் எடுபிடியாக இருந்தவர், கொள்ளைக்காரர்கள் சூழ்ந்தபோது அடுப்பு கிளறும் கம்போடு வெளியே வந்து விரட்டினார் என்பது அவர்கள் கதை. என்ன அழகான கதை! கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

போதிதர்மர் பெயரோடு வரும் யீஜின் ஜிங் என்ற நூல் 1624இல் எழுதப்பட்டது. அதுவும் உடற்பயிற்சி நூல். சண்டைக்கலையை அவர் தலையில் ஏற்றியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சீன ஆய்வாளர் டாங் ஹாவோ 1930லேயே இதை மறுத்துவிட்டார்.

ஷாவொலினில் ஆயிரம் புத்தர் மண்டபத்துச் செங்கல் தரையில் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் துறவிகள் கால் ஓங்கி மிதித்துப் பயின்றதில் விழுந்தவை என்கிறார்கள். என் பிள்ளைகளுக்குக் குதிரை நிலையில், அதாவது குதிரைமேல் உட்கார்ந்தது போல் முழங்கால் மடக்கி, இரண்டு நிமிஷம் நின்றாலே தொடை நடுங்குகிறது. பேர் தெரியாத அந்தத் துறவிகளின் உழைப்பை எடுத்து நாம் வேறொருவருக்கு மாலை போடலாமா?

போதிதர்மருக்கு உரியது வேறு. தியானம் என்ற சொல் சீனத்தில் ‘சான்’ ஆகி, ஜப்பானில் ‘ஜென்’ ஆனது. அந்த மரபின் முதல் குருவாக அங்கே அவரைக் கும்பிடுகிறார்கள். அவர் சீடர் ஹுய்கே தன் கையையே வெட்டிக் கொடுத்தார் என்ற ஐதீகத்தை நினைத்து ஷாவொலின் துறவிகள் இன்றும் ஒற்றைக் கையால்தான் வணங்குகிறார்கள்.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள் ஐயா. வகுப்புச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
குங்ஃபூ பயிற்றுநர் ஒருவர்,
ஈரோடு