வாக்குச்சாவடியில் துணையாளர் விதியைச் சரிவர நடைமுறைப்படுத்தக் கோரும் மனு

பெறுநர்:
தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்கள்,
தமிழ்நாடு, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள பார்வை மாற்றுத்திறனாளி வாக்காளர்களும், தேர்தல் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்.

பொருள்: தேர்தல் நடத்தை விதிகள் 1961, விதி 49-என் – வாக்குச்சாவடி அலுவலர்களுக்குத் தெளிவான அறிவுறுத்தல் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பார்வையின்மையாலோ வேறு உடல் குறைபாட்டாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ இயலாதவர், ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்று வாக்களிக்க விதி 49-என் இடம் தருகிறது. துணையாளருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாளில் ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் அவர் துணையாகலாம். வாக்கை ரகசியமாக வைப்பதாகவும், அன்று வேறு எவருக்கும் துணையாகச் செல்லவில்லை என்றும் அவர் முன்கூட்டியே உறுதிமொழி தர வேண்டும். விவரம் படிவம் 14-ஏ-வில் பதிவாக வேண்டும்.

இந்த உதவி வாக்காளரின் உரிமை. சாவடியில் அது இரண்டு வகையில் பறிபோகிறது. தனியாக வாக்களிக்கக்கூடிய பார்வையற்றவரிடம் “யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்று துணையாளரைக் கட்டாயமாக்குகிறார்கள். கண் நன்றாகத் தெரியும் மூதாட்டியை “பாட்டிக்குக் கண்ணு தெரியாது” என்று சொல்லிக் கட்சிக்காரர் கைப்பிடித்து உள்ளே கூட்டிச் செல்கிறார். இரண்டிலுமே வாக்கு இன்னொருவர் கைக்குப் போய்விடுகிறது.

முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமைதான். மின்னணு வாக்கு இயந்திரத்தில் வாக்காளர் பொத்தானை அழுத்தும் பகுதியான வாக்குப்பதிவு அலகில், நீலப் பொத்தான்களின் வலப்புறம் 1 முதல் 16 வரை பிரெயில் (தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) எண்கள் உள்ளன. பிரெயில் மாதிரி வாக்குச்சீட்டும் சாவடிக்கு வருகிறது. அதில் தன் வேட்பாளரின் வரிசை எண்ணைப் படித்துக்கொண்டு, வாக்களிக்கும் மறைவிடத்துக்குள் அதே எண்ணைத் தடவிப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அந்தச் சீட்டு மற்றப் படிவங்களோடு உறையிலேயே கிடந்துவிடுகிறது. வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே அதை எடுத்துச் சாவடியின் தலைமை அலுவலரின் மேசை மேல் வைக்க வேண்டும் என்றும், பார்வையற்றவர் வந்ததும் “சீட்டு வேண்டுமா, துணையாளர் வேண்டுமா?” என்று அவரிடமே கேட்க வேண்டும் என்றும் உத்தரவிடுங்கள். கூட வந்தவரிடம் கேட்கக் கூடாது. பிரெயில் படிக்கத் தெரியாதவர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு வேட்பாளர் பட்டியலை 1-இல் தொடங்கி நோட்டா வரை, எந்தப் பெயரிலும் அழுத்தம் தராமல் ஒரே சீராக வாசித்துக் காட்ட வேண்டும்.

வேட்பாளர்கள் அதிகமாகும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் கரூரில் 54 பேர் போட்டியிட்டார்கள். நோட்டாவோடு 55 பொத்தான்கள், அதாவது நான்கு அலகுகள். ஒவ்வொரு அலகிலும் பிரெயில் எண் மறுபடி 1-இலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே 20-ஆம் வேட்பாளர் இரண்டாம் அலகின் 4-ஆம் பொத்தான். 55-ஆவதாக வரும் நோட்டா நான்காம் அலகின் 7-ஆம் பொத்தான். மாதிரிச் சீட்டில் வரிசை எண் மட்டும் இருந்தால், வாக்காளர் மனக்கணக்குப் போட்டுத் தேட வேண்டியிருக்கிறது. “அலகு 2, பொத்தான் 4” என்று பிரெயிலிலேயே அச்சிட்டுவிட்டால் இந்தக் குழப்பம் இராது. அலகுகளை இடமிருந்து வலமாக வரிசை மாறாமல் வைத்திருப்பதையும் சரிபார்க்க வேண்டும்.

பதிவான வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டு ஏழு நொடி தெரிவது பார்வையுள்ளவர்களுக்குத்தான் பயன்படும். பார்வையற்றவருக்கு மிஞ்சுவது ‘பீப்’ ஒலி ஒன்றுதான். ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறைகளில் சாவடிகள் இருந்தால் அது எந்த அறையின் ஒலி என்றே தெரிவதில்லை. ஆகவே, கட்டுப்பாட்டு அலகைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் “வாக்குப் பதிவாகிவிட்டது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது முறைகேடு அறியாமையால் நடப்பதல்ல, திட்டமிட்டே நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாததோ முதுமையோ மட்டும் துணையாளருக்குக் காரணமாகாது. சின்னம் தெரிந்து, பொத்தானை அழுத்த முடிந்தால் அவர் தனியாகத்தான் செல்ல வேண்டும். இயந்திரம் பழக்கமில்லை என்றால், மறைவிடத்துக்கு வெளியே, வேட்பாளர்களின் முகவர்கள் காதில் விழும்படி, கற்பனைச் சின்னங்கள் ஒட்டிய அட்டை மாதிரியைக் கொண்டு விளக்கலாம். தேர்தல் ஆணையத்தின் கையேடு சொல்லும் வழி இதுவே. அலுவலர்கள் மறைவிடத்துக்குள் போய்க் காட்டுவதும், தாங்களே துணையாளர் ஆவதும் கூடாது.

துணையாளராக வருபவர் கட்சி முகவரா என்று விதி கேட்பதில்லை. இந்த இடைவெளியில்தான் முறைகேடு நுழைகிறது. எனவே, துணையாளரை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, “இவர் யார்? நீங்களாக அழைத்து வந்தவரா?” என்று வாக்காளரைத் தனியே கேட்க வேண்டும். துணையாளரின் வலது ஆள்காட்டி விரலில் அழியாத மை இட்டால், அதே ஆள் இன்னொருவரோடு வரும்போது விரலே காட்டிக்கொடுத்துவிடும். படிவம் 14-ஏ-வில் அவரது பெயர், முகவரி, கையொப்பம் மூன்றும் அவர் உள்ளே போகும் முன்பே பதிவாக வேண்டும். மாலையில் மொத்தமாக எழுதி நிரப்பும் பட்டியலால் எந்தப் பயனும் இல்லை. ஒரு சாவடியில் 14-ஏ பதிவுகள் வழக்கத்தைவிட மிகுந்தால், பல சாவடிகளை மேற்பார்வையிடும் மண்டல அலுவலர் அன்றே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் காட்டினால்தான் துணையாளரை அனுமதிப்போம் என்பதும் விதியில் இல்லாத நிபந்தனை. தலைமை அலுவலர் மனநிறைவு அடைந்தால் போதும். அவர் துணையாளரை அனுமதிக்க மறுத்தால் காரணத்தைத் தன் நாட்குறிப்பில் எழுத வேண்டும்.

தபால் வாக்குக்கான படிவம் 12-டி பற்றியும் ஒரு வார்த்தை. 85 வயது கடந்தவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் விரும்பினால் மட்டுமே அதைத் தரலாம். விவரம் சொல்லாமல் கையொப்பம் வாங்கிவிட்டால், அவர் சாவடிக்கு வரும்போது திருப்பி அனுப்பப்படுகிறார். “இதைக் கொடுத்தால் சாவடியில் வாக்களிக்க முடியாது” என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் வாயால் சொல்லிய பிறகே கையொப்பம் பெற வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 11 சாவடிகளையும் தேர்தல் தொடர்பான ஆவணங்களையும் அனைவருக்கும் எட்டும்படி அமைக்கும் பொறுப்பைத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அதன்படி மேற்கண்டவற்றை ஒரே சுற்றறிக்கையாக்கி, அடுத்த தேர்தலுக்கான முதல் பயிற்சி வகுப்புக்கு முன்பே எல்லா மாவட்டத் தேர்தல் அலுவலர்களுக்கும் அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டோர்

இடம்:
நாள்: