நல்லூரில் ஒரு பகல்

பாம்பன்

அன்புள்ள மாப்பிள்ளை,

கப்பலில் யாழ்ப்பாணம் போய் வந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று கடிதமாகவே எழுதுகிறேன்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இலங்கைக்குக் கப்பலேற நான் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து நாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தில் உன் தாத்தாவைத்தான் நினைத்துக்கொண்டே போனேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். அதில் போய்த்தானே அவர் கொழும்புக் கடையில் கணக்கெழுதினார்! 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' ஓடியது. பள்ளிக்கூடம் விட்டதும் அதைப் பார்க்க ஓடுவோமே, இறங்கும் பெட்டிகளில் சிலோன் சோப்பு மணக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே சண்டை மூண்டதும் அதுவும் நின்றது.

நாகை சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்ட்டில் 'சிவகங்கை' கப்பலோடு மீண்டும் தொடங்கியது. யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். கரை மறைந்த பிறகு தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. அன்றே திரும்பினால் எதையும் பார்க்க முடியாது என்று இரண்டு இரவு தங்கினேன். நடுவில் கிடைத்த முழுப் பகலையும் நல்லூருக்கே கொடுத்தேன்.

யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரம் அதுதான். 1619இல் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். கந்தசுவாமி கோயிலையும் இடித்தார்கள். இன்று நாம் கும்பிடுவது டச்சுக்காரர் காலத்தில் எழும்பிய கோயில். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். அரண்மனை இருந்த இடம் என்று சங்கிலித் தோப்பில் ஒரு தோரணவாசலைக் காட்டுகிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் யமுனா ஏரி. ஏரி என்பது பெயருக்குத்தான், குளம் அது. 'ப' எழுத்தின் வடிவில் கல் கட்டி எடுத்திருக்கிறார்கள். யமுனை நதித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியதால் அந்தப் பெயராம். படியில் பாசி, மேலே நாலைந்து தென்னை, ஆள் இல்லை. அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த அரசர்களுக்குச் 'சேதுகாவலர்' என்று பட்டம். அவர்கள் அடித்த காசில் நந்தியின் கீழே 'சேது' என்று தமிழில் இருக்கும். நம் சேது, மாப்பிள்ளை! ராமநாதபுரம் சேதுபதிகளுக்கு முன்பே அந்தக் கரையில் ஓர் அரசு நம் ஊர்ப் பெயரைக் காசில் பொறித்திருக்கிறது. அவர்களின் முன்னோர் நம் கடற்கரையிலிருந்து பாண்டியனின் படையோடு போனவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதையெல்லாம் நாற்பது வருஷம் தெரியாமலே நான் இந்தக் கரையில் இருந்திருக்கிறேனே என்று மனம் கனத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நமக்குப் பானிபட் மூன்று போரையும் வருஷத்தோடு சொல்லித் தந்தார்கள். எதிர்க்கரையைப் பற்றி ஒரு வரி இல்லை.

சாயங்காலம் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். ஆமாம், அங்கேயும் ஒரு திருநெல்வேலி உண்டு. பனங்கிழங்கு, அதைக் காயவைத்த ஒடியல், பனம்பழக் கூழைக் காயவைத்த பனாட்டு என்று நம் சாயல்குடிப் பக்கத்துச் சந்தை போலவே இருந்தது. கருப்பட்டியை அங்கே பனங்கட்டி என்கிறார்கள். சிரட்டையில் ஊற்றுவதில்லை. விரல் நீளப் பனையோலைப் பெட்டி முடைந்து அதிலேயே பாகை ஊற்றி ஆறவிடுகிறார்கள். அதற்குக் குட்டான் என்று பெயர். ஓலையைப் பிரித்தால் கட்டியின் மேல் பின்னல் அப்படியே பதிந்திருக்கிறது. விற்ற அம்மா நான் ராமேஸ்வரத்துப் பக்கம் என்றதும் ஒன்றைப் பிரித்து என் கையில் வைத்துவிட்டு, தன் தாய் சிறுமியாகக் கப்பலில் வந்து அக்கினி தீர்த்தத்தில் முழுகிய கதையைச் சொன்னார். அடுத்த ஆள் வந்து விலை கேட்டும் அவர் திரும்பவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு மறுபடி கப்பல் விடும் பேச்சு அடிபடுகிறது. விட வேண்டும். விட்டால் முதல் நாளே நாம் இருவரும் ஏறுகிறோம். நீ இப்போதே பாஸ்போர்ட் எடுத்துவை.

உன் அம்மாவுக்கு நாலு குட்டான் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தாத்தா கொழும்பிலிருந்து வரும்போது கொண்டுவந்தது இதுதானா என்று கேட்டு எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்