வயிற்றுக்குள் நூல் கட்டிவிட்டவர்களுக்கு

இரண்டாவது லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன், முடிந்து நேற்றோடு மூன்று மாதம். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் மொத்தமாக இங்கேயே.

முதலில் டாக்டரம்மா. நாலு வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் எனக்குச் சூலகத்தில் பழைய ரத்தம் தேங்கி வந்த சாக்லேட் கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, ஆனால் சூலகம் கர்ப்பப்பைக்குப் பின்னால் குடலோடு ஒட்டிக்கொண்டது. இப்படி ஒட்டும் என்று அப்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள்தான் மருந்துச்சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினீர்கள்: உள்சவ்வு காயப்பட்ட சில மணி நேரத்திலேயே பசை மாதிரி ஃபைப்ரின் படியும், உடம்பே அதைக் கரைத்துவிட்டால் சரி, இல்லையென்றால் தழும்பாக இறுகிவிடும், ஆக முதல் ஒரு வாரம்தான் கணக்கு. "ஒட்டவே ஒட்டாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா, குறைக்கப் பார்க்கிறேன்" என்றீர்கள். அதைக் கேட்டுத்தான் உங்களிடமே செய்துகொள்வதென்று முடிவெடுத்தேன்.

பென்டிரைவில் தந்த வீடியோவை அம்மாவும் நானும் பார்த்தோம். வெண்டைக்காய் நறுக்கும்போது நூல் நூலாக இழுபடுமே, உள்ளே அப்படித்தான் இருந்தது. நீங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து, சூடு வைப்பதை அளவோடு வைத்து, காய்ந்துபோகாமல் சலைன் விட்டுக்கொண்டே இருந்தீர்கள். ரத்தக்கசிவு முழுக்க நிற்கும்வரை தியேட்டரே உங்களோடு காத்திருந்தது, திரும்ப ஒட்டாமலிருக்க உள்ளே விரிக்கும் இன்டர்சீட் என்ற துணி ரத்தத்தில் ஊறினால் கறுத்துப்போய் வேலைக்கு ஆகாதாமே. அதை விரித்தபோது அம்மா, "கொசுவலைத் துணி மாதிரி இருக்கே, உள்ளேயே விட்டுட்டாங்களா?" என்று பதறிவிட்டார். சில மணி நேரத்தில் கூழாகி, நாலு வாரத்துக்குள் கரைந்துவிடும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். தியேட்டர் சிஸ்டர்களுக்கும் மயக்க டாக்டருக்கும் அந்தக் காத்திருப்புக்காகவே தனி நன்றி.

சூலகங்கள் திரும்பவும் பின்னால் போய் ஒட்டிவிடக் கூடாதென்று இரண்டையும் தூக்கி வயிற்றுச் சுவரோடு நூலால் கட்டியிருந்தார்கள். முடிச்சு வெளியே, பஞ்சுத்துணிக்கு மேல். நாலு நாள் பொம்மலாட்டப் பொம்மை போல இருந்தேன். நூலை உருவ வந்த சிஸ்டர், "கொஞ்சம் இருமுங்க" என்றீர்கள், நான் இருமி முடிப்பதற்குள் நூல் உங்கள் கையில்! எங்கே கற்றீர்களோ அந்தத் தந்திரத்தை.

வயிற்றில் ஆபரேஷன், தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று நான் பயந்தபோது "ஆபரேஷனுக்கு வயித்துக்குள்ள அடிச்ச கேஸ் தாயி, எந்திரிச்சு நட" என்று கைபிடித்து நடக்க வைத்த ஆயாம்மா, உங்களை மறக்க மாட்டேன். அண்ணி, பத்து நாள் ரசமும் இட்லியுமாக என்னைப் பார்த்துக்கொண்டதற்கு என்ன சொல்ல.

அப்புறம் ஆபீஸ் கூட்டம். அந்தத் துணிக்கான பணத்தை மட்டும் இன்சூரன்ஸில் தர மாட்டோம் என்று கழித்துவிட்டார்கள், நீங்கள் என்னிடம் சொல்லாமலே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிட்டீர்கள். யார் யார் எவ்வளவு போட்டீர்கள் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன், நோட்டும் பேனாவுமாக.