கொள்ளிடம் கடைமடையில் கதவணை கேட்டு மனு

அனுப்புநர்
கொள்ளிடம் கடைமடை விவசாயிகள்,
சீர்காழி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
நீர்வளத்துறை, திருச்சி மண்டலம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: அளக்குடி பகுதியில் கொள்ளிடத்தின் குறுக்கே கதவணை – பாசனம், படகுப் போக்குவரத்து, மக்கள் பயன்பாடு அனைத்தையும் திட்ட அறிக்கையிலேயே சேர்க்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளில் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடும் தண்ணீர் எங்கள் ஊர்களைத் தாண்டிப் பழையாறு பக்கம் கடலுக்குப் போய்விடுகிறது. ஓட்டம் நின்றதும் அதே ஆற்றின் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிய பிறகு கோடை முழுக்க இதே நிலைதான். ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் பருப்பு வேகாது. அதைக் குறுவை நாற்றங்காலுக்குப் பாய்ச்சினால் காய்ந்த மண்ணில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, நாற்றின் நுனி கருகிச் சிவக்கிறது. இன்னும் ஆழமாகப் போர் போட்டவர்களுக்கும் உப்புதான் கிடைத்தது.

மேலே அணைக்கரையிலும், அதற்குக் கீழே ஆதனூர்–குமாரமங்கலத்திலும் தண்ணீரைத் தேக்க வழி இருக்கிறது. கடலை ஒட்டிய எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே முதல் கோரிக்கை பாசனமும் நிலத்தடி நீரும்தான். உப்பு ஏறாமல் தடுக்கவும், வெள்ளத்தின் கடைசித் தண்ணீரைப் பிடித்து வைக்கவும் ஒரு கதவணை வேண்டும்.

மின்சாரம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை கதவணைகளில் தலா 30 மெகாவாட் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஆற்றுக்கு நல்ல சரிவு உண்டு. எங்கள் பக்கம் தரை தட்டை, பல மாதம் ஓட்டமும் கிடையாது. சாத்தியம் இருந்தால் ஆய்வு செய்யுங்கள், ஆனால் அதற்காகத் திட்டம் தள்ளிப்போக வேண்டாம்.

படகு விஷயம் அப்படியல்ல. 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிச் சட்டத்தில் காவிரி–கொள்ளிடமும் இடம்பெற்றுள்ளது. சரக்குக் கப்பல் வரும் என்று நாங்கள் கனவு காணவில்லை. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே தேங்கிய தண்ணீரில் படகு ஓடுவதைப் போல இங்கும் இக்கரை அக்கரைக்குப் படகு ஓடலாம். அதைவிட முக்கியம், முகத்துவாரத்திலிருந்து மேலே வந்து மீன், நண்டு, இறால் பிடிக்கிறவர்களின் வழி அடைபடக் கூடாது. படகு கடந்து போக, ஒன்று மூடியபின் மற்றது திறக்கும் இரட்டைக் கதவு வழியும், மீன் ஏறும் வழியும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கட்டி முடித்தபின் கேட்டால் இடமும் இருக்காது, நிதியும் இருக்காது. கதவணை மேல் வாகனப் பாலமும் அமைத்தால் சிதம்பரம் போக தேசிய நெடுஞ்சாலைப் பாலம் வரை சுற்ற வேண்டியதில்லை.

அப்புறம், ஆடிப்பெருக்குக்கு இறங்க இருபுறமும் அகலமான படித்துறை, பிடித்துக்கொள்ளச் சங்கிலி, நிழல் மரம் உள்ள சிறு பூங்கா. முக்கொம்பிலும் கல்லணையிலும் விடுமுறை நாளில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் இதன் தேவை தெரியும்.

எங்கள் பெரிய பயம் வெள்ளம். 2022-ல் ஆற்றுப் படுகை ஊர்களான நாதல்படுகை, முதலைமேடு திட்டு மக்கள் வீடு வாசலை விட்டு முகாமில் இருந்தார்கள். கதவணையால் தண்ணீர் எதிர்த்து ஏறி அதே படுகைகள் மூழ்குமென்றால் எங்களுக்கு அது வேண்டாம். பெருவெள்ளம் முழுதாகக் கடக்கிற அளவுக்குக் கதவுகளும், மேல்புறக் கரைகளை உயர்த்தும் செலவும் ஒரே மதிப்பீட்டில் வர வேண்டும். 1836–38-ல் கட்டிய முக்கொம்புக் கொள்ளிடம் அணையில் 2018 ஆகஸ்டில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டதை டெல்டா மறக்கவில்லை. ஆகவே ஆண்டுதோறும் ஷட்டர் பராமரிப்புக்குத் தனி நிதியும், கதவணைக்கு மேலும் கீழும் மணல் அள்ளத் தடையும் அரசாணையிலேயே இடம்பெற வேண்டும்.

திட்ட அறிக்கை இறுதியாகும் முன் படுகை மக்கள், மீனவர்கள், இருகரை விவசாயிகள் ஆகியோரை எங்கள் ஊரிலேயே கூட்டிக் கருத்துக் கேட்குமாறும், கோடையில் கடல் ஏற்றம் உள்ள நாளில் பொறியாளர்களை அனுப்பி ஆற்று நீரிலும் போர்களிலும் உப்பின் அளவைப் பதிவு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொள்ளிடம் கடைமடை விவசாயிகள்

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மயிலாடுதுறை.