2025–2026ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்துள்ள உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி நகரில் இயங்கும் நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் கொடியேற்றப்பட்டது. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடைபெற்றன. தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய் ஆகியவை குறித்து நகராட்சிக்கு மனு அளிக்கப்பட்டது. செயற்குழு மாதந்தோறும் கூட வேண்டும் என்பது விதி. போதிய உறுப்பினர்கள் வராததால் சில மாதங்களில் தேநீர் மட்டும் அருந்திக் கலைந்தோம்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குச் சங்கக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் நடத்தப்பட்ட தள்ளுபடி மற்றும் வரிக் கணக்கு வகுப்பாகும். பள்ளியிலேயே இவை கற்பிக்கப்படும்போது சங்கம் ஏன் தனியாக நடத்த வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு விளக்கம் அளிப்பது என் கடமை. பாடப்புத்தகத்தில் குறித்த விலையும் தள்ளுபடியும் தெளிவாகக் கொடுக்கப்பட்டிருக்கும். ஆடி மாதத்துக் கடைத்தெருப் பலகை அப்படி இராது. '20 சதவீதம், அதற்கு மேலும் 10 சதவீதம்' என்பதைக் கண்டு வகுப்பில் ஏறத்தாழ அனைவரும் மொத்தம் 30 என்றே எழுதினர். 1,000 ரூபாய்ச் சேலை முதலில் 800 ஆகி, அந்த 800இல் 80 குறைந்து 720இல் நிற்கிறது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகே, கிடைப்பது 28 சதவீதம்தான் என்பது விளங்கிற்று. பிள்ளைகளை அழைத்துப்போக வந்த பெற்றோர் சிலரும் வாசலில் நின்றபடி 30 என்றே சொன்னார்கள் என்பதை, யாரையும் குறைகூறும் நோக்கமின்றிப் பதிவு செய்கிறேன்.

நகைக்கடை விளம்பரம் இன்னும் நன்றாகப் பயன்பட்டது. செய்கூலியில் 50 சதவீதம் தள்ளுபடி என்றால் நகை பாதி விலைக்குக் கிடைப்பதில்லை. தங்கத்தின் மதிப்பு 60,000, செய்கூலி 12 சதவீதம் எனக் கொண்டால், செய்கூலியாகிய 7,200இல் பாதியான 3,600 மட்டுமே குறைகிறது; மீதமுள்ள 63,600க்கு 3 சதவீத வரி 1,908 சேர்ந்து 65,508 ரூபாய் கட்ட வேண்டும்.

மிகுந்த நேரம் எடுத்தது வரி உள்ளடங்கிய விலைதான். 18 சதவீத வரியுடன் 1,180 ரூபாய் என்றால் அதில் வரி எவ்வளவு என்று கேட்டபோது, 1,180க்கே 18 சதவீதம் கண்டு 212 ரூபாய் 40 காசு என்றனர். 118 ரூபாயில் 18 வரி என்றால் 1,180இல் 180 என்று விகிதமாகச் சொன்னதும் பிடித்துக்கொண்டனர். தள்ளுபடி முன்பா, வரி முன்பா என்ற விவாதம் ஒரு வகுப்பு முழுவதையும் விழுங்கியது. 2,000 ரூபாய்க்கு 10 சதவீதம் தள்ளுபடி, 5 சதவீதம் வரி என்றால் எதை முதலில் செய்தாலும் 1,890தான். அதே தள்ளுபடியை 200 ரூபாய் என்று தொகையாகச் சொல்லி, வரி சேர்த்த பிறகு கழித்தால் 1,900 ஆகிவிடும். விற்கும்போதே பில்லில் காட்டப்படும் தள்ளுபடியைக் கழித்த மதிப்பின் மீதுதான் வரி கணக்கிடப்பட வேண்டும் என்ற சட்ட நிலையையும் விளக்கினோம்.

வினாத்தாள் அச்சிட்ட செலவு வீண் என்று சில உறுப்பினர்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் எட்டியுள்ளது. தாள்கள் அப்போதைய வரி வீதங்களின்படி ஜூலையில் அச்சிடப்பட்டன. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சரக்கு மற்றும் சேவை வரியில் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்படும் என்பதைச் செயலாளர் ஜூலையில் அறிந்திருக்க வழியில்லை. மேலும், அத்தாள்கள் குப்பைக்குப் போகவில்லை. பழைய வீதத்திலும் புதிய வீதத்திலும் கணக்கிட்டு வித்தியாசம் காணும் பயிற்சியாக அவற்றையே மாற்றினோம். நோட்டுப்புத்தகத்துக்கு 12 சதவீதமாக இருந்த வரி முற்றிலும் நீங்கியதையும், ஜியாமெட்ரி பாக்ஸுக்கு 12இலிருந்து 5 ஆனதையும் மாணவர்கள் தாங்களே கணக்கிட்டனர். தோட்டத்திலிருந்து வரும் பெங்களூரா மாங்காய்க்கு வரி இல்லை, அதே காய் தொழிற்சாலையில் கூழாகி டின்னில் அடைபட்டால் வரி உண்டு, அதுவும் 12இலிருந்து 5 ஆயிற்று என்றபோது, மாங்கூழ் ஆலைக்குப் பருவ வேலைக்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லவே ஒரு மணி நேரம் தேவைப்பட்டது.

வகுப்பெடுக்க ஒப்புக்கொண்ட உறுப்பினர்களில், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அடக்கம், தீபாவளிக்குப் பிறகு வந்தவர்கள் மிகச் சிலர். ஞாயிறு முகூர்த்தங்கள் அதிகம் என்ற விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். எனக்கும் பத்திரிகைகள் வந்திருந்தன.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவு எதிர்பார்த்ததற்குச் சற்றுக் குறைவாகவும் செலவு சற்றுக் கூடுதலாகவும் இருந்தன. விவரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். ஆண்டுச் சந்தா 600 ரூபாய் பலரிடமிருந்து இன்னும் வரவில்லை. மூன்றாண்டு நிலுவையை ஒரே தவணையில் செலுத்தினால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டா என்றும் வினவப்பட்டது. 1,800 ரூபாயில் 360ஐக் குறைத்தால், ஆண்டுதோறும் தவறாமல் செலுத்தியவரைவிடத் தாமதித்தவர் குறைவாகச் செலுத்தியவராவார் என்பதால் அதனை ஏற்க இயலவில்லை. நமது சந்தாவுக்கு வரி ஏதும் இல்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தலைவர், பொருளாளர், கரும்பலகை வழங்கிய உறுப்பினர், நாற்காலிகளை வாடகையின்றித் தந்த பந்தல்காரர் ஆகியோருக்கு நன்றி. வரும் ஆண்டில் ஆடிக்கு முன்பே வகுப்பைத் தொடங்கவும், வீட்டு பில்களை மாணவர்களே சரிபார்க்கும் பயிற்சியைச் சேர்க்கவும் எண்ணம் உள்ளது. அதனைத் தற்போதைய செயலாளரே நடத்த வேண்டும் என்பதில்லை. முன்வருபவரிடம் சாவியையும் பதிவேட்டையும் ஒப்படைக்கத் தயாராக உள்ளேன். எவரும் முன்வராவிடில், குறைந்தபட்சம் மின்விசிறி பழுதுபார்க்கவும் தாள் வாங்கவும் ஆகும் தொகையாவது நிலுவைச் சந்தாவிலிருந்து வந்து சேர வேண்டும். ரசீதுப் புத்தகம் நன்றியுரை முடியும் வரை பொருளாளரின் மேசையில் இருக்கும்.

செயலாளர்